மதுரைக் கோட்டையும் போரை முடிக்கும் வழிகளும்

போர் தொடுப்பது எங்ஙனம், போரில் வெல்வது எங்ஙனம் என்பன பற்றிப் பேசும் நூல்கள் பல. தொடுத்த போரை முடிப்பது எங்ஙனம் என்பது பற்றிப் பேசுவன சில. பகைவன் தன் தோல்வியை ஒப்புக்கொள்பவனாயின் இவ்வினா எழுவதேயில்லை. களம் இழந்தும், துணை இழந்தும், உணவு குன்றியும், கதவை அடைத்துக்கொண்டு உள்ளே நிற்பவனாயின், தன்னை வென்றவனாகக் கருதியிருப்பவன் செய்வதறியாது திகைக்கிறான். இத்தகைய திகைப்புக்கு எடுத்துக்காட்டுத் தேடி அயல்நாட்டுச் சரித்திரங்களுக்குச் செல்லவேண்டுவதில்லை. நம் மதுரைக் கோட்டை வாயிலில் 1757-ஆம் ஆண்டிலும், மீண்டும் 1763, 1764-ஆம் ஆண்டுகளிலும் அது நிகழ்ந்தது. மதுரைக்குக் கிழக்கே காளையார்கோவில் காட்டில் 1801-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. இவற்றை ஒருசேர வைத்து நோக்குவதே யாம் இங்கு மேற்கொண்ட காரியம்.

நம் முன்னோர் இவ்விஷயத்தைச் சிந்தியாதவரல்லர். தொல்காப்பியர் கோட்டையை முற்றுவதற்கும் காப்பதற்கும் உழிஞை என ஒரே திணை வகுத்தார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியர் முற்றுவோர்க்கு உழிஞை, காப்போர்க்கு நொச்சி என இரண்டாகப் பிரித்தார். வெளியில் நிற்பவன் உள்ளமும் உள்ளே நிற்பவன் உள்ளமும் வேறு வேறு என்பதை உணர்ந்து பிரித்தார் போலும். அரசியல் நூலாரோ சாமம், தானம், பேதம், தண்டம் என உபாயம் நான்கு என்றனர். இன்சொல், பொருள், பிரிவினை, படை என்று தமிழில் கூறலாம். தண்டத்தை அவர்கள் கடைசியில் வைத்த காரணத்தை மதுரைக் கோட்டைச் சரித்திரம் நன்கு விளக்குகிறது.

முதலில் இடத்தின் இயல்பைக் கூறுவோம். பரவையினின்று திண்டுக்கல் சாலை வழியாக மதுரைக்கு வருவோர், கட்டடங்கள் பெருகிவிட்ட இக்காலத்தும், இந்நிலம் எத்துணைச் சமதளம் என்பதைக் காணலாம். சாலைக்கு அணித்தாய் வையை ஓடுகிறது; ஊர்தோறும் கண்மாய் உண்டு. ஆனைமலை, திருப்பரங்குன்றம் போன்ற தனிப்பாறைகள் தவிர ஒரு படையை மறைக்கக்கூடிய மேடு எதுவும் இல்லை. ஆகவே மதுரையை ஆள விரும்பியவன் இவ்வெளியில் இயற்கையை நம்பாமல் மதிலையே நம்பவேண்டியிருந்தது. நாயக்கர் காலத்துக் கோட்டை இரட்டை மதிலும், வெளியே அகழியும், எழுபத்திரண்டு கொத்தளங்களும் உடையது. ஒவ்வொரு கொத்தளத்தின் காவலும் ஒரு பாளையக்காரர் பொறுப்பு என்பது வழிவழி வந்த செய்தி. இப்போது வெளி வீதிகள் என வழங்குவன அம்மதில் நின்ற எல்லையைக் காட்டுகின்றன.

இத்தகைய வெளியில் முற்றுகை என்பது கோட்டைக்குள் இருப்போரை மட்டும் வருத்துவதன்று. பீரங்கிகளை இழுக்க மாடு வேண்டும். மாட்டுக்கு வைக்கோல் வேண்டும். பீரங்கி மேடை கட்டப் பனைமரமும், அகழி தூர்க்கச் சுள்ளிக்கட்டும் வேண்டும். பல்லாயிரம் வாய்க்கு நாள்தோறும் சோறு வேண்டும். இவையெல்லாம் சென்னையிலிருந்து வருவன அல்ல. சுற்றியுள்ள ஊர்களிலிருந்தே வரவேண்டும். சரித்திர ஆசிரியர்கள் இவ்வூர்களின் பெயரை எழுதுவதில்லை. போர் ஒரு மாதம் நீண்டால் ஒரு போகம் கெடும் என்பதை உழுதுண்ணும் குடும்பத்திற் பிறந்த எவரும் அறிவர். ஆகையால் போரை எவ்வாறு முடிப்பது என்ற கேள்வி தளகர்த்தருக்கு மட்டும் உரியதென்று யாம் கருதவில்லை.

1757-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு முகம்மதலியின் தமையனார் மாபூசுகான் பொருட்டு, பர்க்கத்துல்லா என்பவர் மதுரையைப் பிடித்துக்கொண்டு நவாபுக்கு அடங்க மறுத்தார். கும்பெனியார் காப்டன் கல்லியோ என்பவரை அனுப்பினர். அவர் இரவில் ஏணி சாத்தி மதிலேற முயன்றார், முடியவில்லை. அதற்குள் பிரெஞ்சுக்காரர் திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்தனர் என்ற செய்தி வரவே, முற்றுகையை விட்டு விரைந்தார். பகைவர் காவல் வையாத நன்செய் நிலத்தின் வழியே, இரவெல்லாம் சேற்றில் நடந்து அந்நகரிற் புகுந்து அதனைக் காத்தார். பிறகு மதுரைக்கு மீண்டு, பீரங்கியால் மதிலைப் பிளந்து, பிளவின் வழியே ஏறினார். அதுவும் தோற்றது. ஈற்றில் என்ன செய்தார்? பேரம் பேசினார். ஒரு லட்சத்து எழுபதினாயிரம் ரூபாய் கொடுக்கப்பட்டது. செப்டம்பர் மாதம் கோட்டை திறந்தது.

இதனை வீரத்துக்கு இழுக்கு எனச் சிலர் கூறலாம். யாம் அங்ஙனம் கூறோம். பர்க்கத்துல்லாவும் அவர் போர்வீரரும் வேண்டியது சம்பளப் பாக்கியும் உயிரோடு வெளியேறும் வழியும். அவர்கள் உறுதியாக நின்றது உண்மை. ஆயினும் அவ்வுறுதிக்கு ஒரு விலை இருந்தது. அவ்விலையை முதலிலேயே விசாரித்திருந்தால் இரண்டு ஏற்றங்களில் மடிந்தவர்கள் பிழைத்திருப்பர். எதிரி எதற்காக நிற்கிறான் என்பதை அறியாமல் எத்தனை நாள் நிற்பான் என்று கணக்கிடுவது வீண்.

இம்முற்றுகையில் கும்பெனியார் பக்கம் நின்று சிப்பாய்களை நடத்தியவர் முகம்மது யூசுப்கான். இராமநாதபுரம் சீமைப் பனையூரிற் பிறந்தவர். வேளாளர் குலத்தினர் என்றும், மருதநாயகம் என்பது இயற்பெயர் என்றும், பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார் என்றும் கூறுவர். திருச்சிராப்பள்ளிப் போர்களில் லாரன்சு என்னும் தளபதியின் கீழ்த் தொண்டு செய்து புகழ் பெற்றவர். 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றியபோது, இவர் வெளியே திரிந்து பிரெஞ்சுக்காரர்க்கு வரும் உணவையும் மருந்தையும் இடைமறித்து அலைக்கழித்தார். ஒரு படையைக் கொல்வதினும் அதன் வண்டிகளை நிறுத்துவது எளிது என்பதை இவரினும் நன்கு அறிந்தவர் தென்னாட்டில் அன்று எவரும் இலர். மதுரையிலும் திருநெல்வேலியிலும் அதிகாரம் பெற்ற பின், கள்வரை அடக்கினார், கோயில் மானியங்களை மீட்டுக் கொடுத்தார், கால்வாய்களைப் பேணினார். மதுரையிலுள்ள கான்சாமேட்டுத் தெரு இன்றும் அவர் பெயரைச் சுமந்து நிற்கிறது.

நிற்க. இத்தகையவர் ஏன் பகைவரானார்? மதுரைச் சீமையைக் குத்தகையாக ஆண்டவர், கும்பெனியாருக்கு நேரே கட்டுப்பட்டிருக்க விரும்பினார். நவாபோ தமக்குக் கீழ்ப்பட்டவராக அவரை வைக்க எண்ணினார். அவருடைய செல்வாக்கு வளர்வது நவாபின் கண்ணை உறுத்தியது. சென்னைக் கவுன்சிலார் நவாபின் பக்கம் சாய்ந்தனர். 1763-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யூசுப்கான் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மார்ச்சாண்டு என்ற பிரெஞ்சு அதிகாரியின் கீழ் ஐரோப்பியச் சிப்பாய்கள் சிலர் அவரிடம் இருந்தனர்.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். அதே 1763 பிப்ரவரியில், கடல்களுக்கு அப்பால், பாரிசு நகரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டனர். முகம்மதலியே கர்நாடக நவாபு என்பதும் அதில் ஏற்கப்பட்டது. மதுரைக் கோட்டையின் மேல் பறந்த கொடி, இனிப் போரிட மாட்டாத ஒரு தேசத்தின் கொடியாயிற்று. தஞ்சை மன்னரும், சிவகங்கை, இராமநாதபுரத்து அமைச்சர்களும் கும்பெனியாரும் நவாபும் நின்ற பக்கமே நின்றனர். உதவி வரும் வழிகள் யாவும் இவ்வாறு அடைபட்டன. அந்நிலையில் அறிவுடையவன் பணிவான் என்றே சென்னையில் உள்ளோர் எண்ணியிருப்பர். அவரோ மதிலைப் பழுதுபார்த்தார்.

1763-இன் பிற்பகுதியில் கர்னல் மான்சன் தலைமையில் முற்றுகை தொடங்கியது. தொடங்கிய காலமே தவறு. ஐப்பசியில் மழை பெய்யும் என்பதை வையைக்கரைச் சிறுவனும் அறிவான். பதுங்குகுழிகளில் நீர் நிறைந்தது, பீரங்கி வண்டிகள் சேற்றில் ஆழ்ந்தன, நோய் பரவியது. நவம்பரில் முற்றுகையை எடுத்துக்கொண்டு படை விலகியது. திருக்குறளில் காலமறிதல் என ஓரதிகாரமும் இடனறிதல் என ஓரதிகாரமும் அடுத்தடுத்து இருத்தலை மான்சன் அறிந்திருக்க நியாயமில்லைதான். மதுரைச் சீமையின் மழைக்காலத்தையாவது விசாரித்திருக்கலாம்.

1764-ஆம் ஆண்டில் மேஜர் சார்லசு காம்பெல் தலைமை ஏற்றார். இம்முறை சுற்றியிருந்த காவல் நிலைகளை முன்னதாகவே பிடித்தனர். பின்பு பீரங்கிகள் மதிலை நாட்கணக்கில் இடித்தன. ஜூன் 26-ஆம் நாள் பிளவின் வழியே ஏற்றம் நிகழ்ந்தது. கோட்டைக்குள் இருந்தவர்கள் வெடிகுண்டும் ஈட்டியும் கொண்டு எதிர்த்தனர். ஏறினவர் அகழிக்குத் திரும்பினர். நூற்றுக்கு மேற்பட்டோர் வீழ்ந்தனர்; மேஜர் பிரெஸ்டன் என்பவர் பட்ட காயத்தால் பின்னர் இறந்தார். முன்பு கல்லியோ பெற்ற பாடத்தையே, அன்று கல்லியோவுடன் நின்று கண்டவரிடமிருந்து, காம்பெல் இப்போது பெற்றார்.

தோல்விக்குப் பின் காம்பெல் செய்தது அவருடைய நல்லறிவைக் காட்டுகிறது. மறுபடி ஏறுவோம் என்று வீறு பேசாமல், முற்றுகையை அடைப்பாக மாற்றினார். அஃதாவது மதிலை விட்டுவிட்டு வாயில்களைப் பிடித்தார். உள்ளே ஒரு மூட்டை நெல்லும் புகாதபடி நாற்புறமும் காவல் வைத்தார். முன்பு லாலியின் வண்டிகளை நிறுத்தியவரின் வண்டிகள் இப்போது நின்றன. ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் கழிந்தன. பசி வந்தது. பசியோடு கூட, பீரங்கியாற் செய்யமுடியாத ஒன்று கோட்டைக்குள் நுழைந்தது. ஒவ்வொருவனும் தன் கதி என்ன என்று தனித்தனியே எண்ணத் தொடங்கினான்.

யூசுப்கானுக்கு வெளியேறும் வழி இல்லை. நவாபு அவரை மன்னிக்க மாட்டார் என்பது எல்லோரும் அறிந்தது. தலைக்குக் கத்தி காத்திருக்கிறது என்று தெரிந்தவன் பணிய மாட்டான். அது வீரமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவனுக்கு வேறு செயல் இல்லை. ஆனால் அவரோடு இருந்தவர்களுக்கு வழி இருந்தது. மார்ச்சாண்டு ஒரு சமாதான தேசத்தின் பிரஜை. திவான் சீனிவாசராவும், வைத்தியர் பாபா சாகிபும் நவாபுக்குத் தனிப்பட்ட பகைவர் அல்லர். அக்டோபர் 13-ஆம் நாள் கான் தொழுகையில் இருந்தபோது அவர்கள் அவரைப் பிடித்து, அவருடைய தலைப்பாகையாலேயே கட்டினர் என்பர். மறுநாள் அவர் காம்பெல்லிடம் ஒப்படைக்கப்பட்டார். 15-ஆம் நாள், மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்துப் பாசறைக்கருகில், நவாபின் கட்டளைப்படி தூக்கிலிடப்பட்டார். கயிறு இருமுறை அறுந்தது என்றும், மூன்றாம் முறையே உயிர் நீங்கியது என்றும், உடல் துண்டிக்கப்பட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டது என்றும் மக்கள் கூறுவர். அவர் அடங்கிய இடம் சம்மட்டிபுரத்தில் உள்ளது. கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாடல் தென்பாண்டி நாட்டில் வழங்கியது.

இதனைப் பேதம் என்னும் உபாயத்தின் வெற்றி என்று கூறிவிட்டுச் சிலர் அமைவர். எமக்கு இதில் இரண்டு ஐயங்கள் உள. முதலாவது, மன்னிப்பின்மை என்ற கொள்கைக்கு ஆன செலவு. தலைவனுக்கு உயிர்ப்பிச்சை இல்லை என்று நவாபு உறுதி கொண்டமையால், முதல் ஆண்டிலேயே முடிந்திருக்கக்கூடிய போர் இரண்டாம் ஆண்டின் மழைக்காலம் வரை நீண்டிருக்கலாம். 1757-இல் ஒரு லட்சத்து எழுபதினாயிரம் ரூபாயில் முடிந்த காரியம் இப்போது பன்மடங்கு உண்டது. ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்த நவாபின் கடன் மேலும் ஏறியது. அக்கடனே பிற்காலத்தில் கர்நாடகத்தைக் கும்பெனியார் கையில் ஒப்புவித்தது. இரண்டாவது, பணத்துக்குப் பணியாதவனும் உயிருக்கு வழியில்லாதவனும் ஒரே ஆளாக இருந்துவிட்டால், அவனைச் சுற்றியுள்ளோரைக் கொண்டே அவனை வீழ்த்தவேண்டியதாகிறது. அங்ஙனம் வீழ்த்தியவர்களை வென்றவரும் பின்னர் நம்புவதில்லை.

அண்மைக் காலத்து உலகப்போரிலும் இச்சிக்கல் இதே வடிவில் எழுந்தது. 1945-ஆம் ஆண்டு கோடையில் ஜப்பானின் கடற்படை அழிந்துவிட்டது; கப்பல் வழிகள் நீர்மூழ்கிகளாலும் கடற்கண்ணிகளாலும் அடைபட்டன; நகரங்கள் எரிந்தன. எனினும் அந்நாடு பணியவில்லை. அமெரிக்கர் முன் மூன்று வழிகள் இருந்தன. நவம்பரில் கியூஷு தீவில் இறங்கிப் போரிடுவது ஒன்று. அடைப்பை நீட்டிப் பசியால் வாட்டுவது ஒன்று. நிபந்தனையைத் தளர்த்துவது ஒன்று. ஜூலை 26-இல் வெளியிட்ட போட்ஸ்டாம் அறிக்கை நிபந்தனையற்ற சரணாகதியைக் கேட்டது. சக்கரவர்த்தியின் கதி பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆகஸ்டு 6-இலும் 9-இலும் அணுகுண்டுகள் வீழ்ந்தன. இடையில் ருஷியாவும் போரில் இறங்கியது. அப்போதும் ஜப்பானியர் கேட்டது சக்கரவர்த்தியின் நிலையைப் பற்றியே. நேசநாட்டார் அனுப்பிய மறுமொழி, சக்கரவர்த்தி நேசநாட்டுத் தளபதிக்கு உட்பட்டிருப்பார் என்றது. அவரை நீக்குவோம் என்று கூறவில்லை. நான்கு நாட்களில் போர் ஓய்ந்தது. குண்டா, ருஷியாவா, இச்சிறு சொல்லா எது முடித்தது என்று அறிஞர் வழக்காடுகின்றனர். மூன்றும் சேர்ந்தே முடித்தன என்பது எம் கருத்து. கதவை இடிக்கும் ஓசை பெரிது. ஆயினும் உள்ளிருப்பவன் வெளிவரக் கதவு ஒன்று இருக்கவேண்டுமல்லவா?

மீண்டும் நம் நாட்டுக்கு வருவோம். 1801-ஆம் ஆண்டு மார்ச்சில் கும்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கித் தோற்றது. மே 24-இல் அக்கோட்டை வீழ்ந்தது. தப்பிய ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்கு வந்து மருது சகோதரரைச் சேர்ந்தார். அவர்களுக்கு மதில் துணையன்று; காடு துணை. காளையார்கோவிலைச் சுற்றி அடர்ந்த முட்காடு இருந்தது. மதுரையில் இல்லாத மறைவு அங்கு ஏராளம். கர்னல் அக்னியூ ஜூலை இறுதியில் சிறுவயலைப் பிடித்து, அங்கிருந்து காட்டை வெட்டிச் சாலை அமைத்துக்கொண்டு காளையார்கோவிலை நோக்கிச் செல்ல முனைந்தார். நாள்தோறும் மரம் வெட்டுவோர். அவர்களைக் காக்கும் சிப்பாய். இருமருங்கும் மறைந்து நின்று சுடுவோர். ஒரு மாதம் இவ்வாறு கழிந்தது. சாலை முடியவில்லை, ஆட்கள் மடிந்தனர், செப்டம்பர் தொடக்கத்தில் வேலையைக் கைவிட்டு ஒக்கூருக்குத் திரும்பினர். ஆங்கில அதிகாரி வெல்ஷ் தம் நினைவு நூலில் இப்படையெடுப்பை விரித்து எழுதியுள்ளார். மருது சகோதரரை அவர் முன்பே பழகி அறிந்தவர்.

அதன்பின் அக்னியூ செய்தது படைத்தொழில் அன்று, அரசியல் தொழில். மருது சகோதரர் சிவகங்கையின் ஆட்சியைத் தம் கையில் வைத்திருந்தனரேயன்றி, அரசமரபினர் அல்லர். படமாத்தூர் கௌரி வல்லப உடையத்தேவர் அம்மரபில் உரிமை கூறி, சின்ன மருதுவுக்குப் பகைவராய் இருந்தவர். செப்டம்பர் 12-இல் சோழபுரத்தில் அவரைச் சிவகங்கைக்கு உரியவரெனக் கும்பெனியார் பிரகடனம் செய்தனர். அன்றுவரை அந்நியனை எதிர்த்துத் தம் சீமைக்காகப் போரிடுவதாக எண்ணிய நாட்டார்க்கு, இப்போது தம் அரசனையே எதிர்த்துப் போரிடுகிறோமோ என்ற ஐயம் புகுந்தது. பலர் மெல்ல விலகினர். ஒரு மாதத்து வெட்டுக்கு இடங்கொடாத காடு, ஓர் அறிவிப்புக்கு இடங்கொடுத்தது. அக்டோபர் 1-ஆம் நாள் படைகள் பல பக்கங்களிலிருந்து புகுந்து காளையார்கோவிலைப் பிடித்தன.

1764-இல் உள்ளே இருந்தவர்களுக்கு அச்சத்தால் வழி திறந்தது. 1801-இல் நாட்டார்க்கு உரிமையின் பெயரால் வழி திறக்கப்பட்டது. பின்னது திறமை மிக்கது என்பதில் ஐயமில்லை. அது நியாயமானதா என்பது வேறு. மருது சகோதரர் சூன் மாதம் திருச்சிராப்பள்ளியில் ஒட்டுவித்த அறிக்கை, சாதிமத வேறுபாடின்றி எல்லோரையும் ஐரோப்பியருக்கு எதிராக அழைத்தது. அவ்வழைப்பின் அளவு நாடு முழுவதும். அதற்கு எதிராக வைக்கப்பட்ட கேள்வியோ ஒரு சிம்மாசனம் யாருடையது என்பது. பெரிய கேள்வியைச் சிறிய கேள்வியால் வென்றனர்.

அக்டோபர் 24-இல் மருது சகோதரர் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஊமைத்துரை நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் மாண்டார். சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபத்துமூவர் 1802-இல் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். மற்றவர்களைப் பற்றிய முடிவு வேறாக இருந்தது. 1801 டிசம்பர் முதல் நாள் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். கோட்டைகளையும் படைக்கலங்களையும் விட்டொழிக்கவேண்டும். எஞ்சியோர்க்குப் பொது மன்னிப்பு உண்டு என்பது அதன் சாரம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நெல்கட்டுஞ்செவலிலும், மதுரையிலும், பாஞ்சாலங்குறிச்சியிலும் அடங்கி அடங்கி மீண்டும் எழுந்த போர், அதற்குப் பின்னரே பாளையங்களில் ஓய்ந்தது. தண்டத்தால் அடங்கியது எவ்வளவு, மன்னிப்பால் அடங்கியது எவ்வளவு என்று பிரித்துக் காண்பது அரிது. மன்னிப்பு மட்டும் நாற்பதாண்டு முன்னரே கொடுத்திருக்கக்கூடியது.

மதுரைக் கோட்டைக்கு அதன்பின் வேலை இல்லாமற் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அவர் நினைவாக நிறுத்திய விளக்குத்தூண் இன்றும் கீழமாசி வீதியருகே நிற்கிறது. கல்லியோவும், மான்சனும், காம்பெல்லும் பீரங்கி வைத்து இடிக்கமுடியாத மதிலைக் கூலியாட்கள் மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு இடித்தனர். அதன் எச்சமாக ஒரு கொத்தளம் மட்டும் மேல்புறத்தில், பெரியார் பேருந்து நிலையத்தருகே நிற்கிறது.